பாலத்துக்கு இடதுபக்கம் நானூறு மீட்டர்

"ஹலோ... ஹலோ? ஆ, கேக்குது, கேக்குது. இருங்கம்மா, ஜன்னல்கிட்ட வந்துடறேன். நடு வீட்ல நின்னா உங்க குரல் விட்டு விட்டு வருது... ஆங், இப்போ சொல்லுங்க... ஒன்பதாம் நம்பர் பாதையா? அதுக்கென்ன, ராஜா மாதிரி பாதையாச்சே!"

ஆபீசில் அவருக்குச் சரளை அண்ணன் என்று பெயர். காடும் மலையும் ஆற்றுப் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் சரளைக்கல் பாதைகளைச் சைக்கிளில் மிதித்துப் பார்த்து, எங்கே மோட்டார் வண்டியே வராது, எங்கே டயர் வழுக்கும் என்று சொல்வது அவர் பிழைப்பு. அவர் போன வழியெல்லாம் ஹேண்டில்பாரில் மாட்டிய கருவியில் ஒரு கோடாகப் பதியும். அந்தக் கோட்டை மேப்பில் ஏற்றி வெளியிடுவது இப்போது போனில் இருக்கும் பெண்ணின் வேலை. வாரக் கடைசியில் நகரத்திலிருந்து ரயிலேறி வரும் சைக்கிள்காரர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு போவார்கள்.

"வாலா? எந்த வால்?... ஓ... நாப்பத்தோராவது கிலோமீட்டர்ல... இரும்புப் பாலத்துக்கிட்ட... ம்... ம்... இடதுபக்கம் போயிட்டு அதே வழியா திரும்பி வருது. ஆமா. ஆமாம்மா, போன தடவையும் கேட்டீங்க. பாக்கறேன்னு சொன்னேன். இல்லேங்கல... அது வந்தும்மா, அங்கேர்ந்து ஆறு வளையறது ரொம்ப அழகாத் தெரியும். அதான் சேத்திருக்கேன்... தெரியாதா? யார் சொன்னா?... சேட்டிலைட்ல பாத்தீங்களா..."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தகரக் கூரையும் தண்ணித் தொட்டியும்தான் தெரியுதா. சரி, தண்ணித் தொட்டி இருக்குல்ல? நாப்பது கிலோமீட்டர் ஏறி இறங்கி வர்றவனுக்கு ஒரு வாய் தண்ணி வேணாமா?... அதுக்கில்லம்மா... நான் எங்கம்மா சப்பைக்கட்டு கட்டறேன்!"

கட்டிக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தகரக் கூரை அவருடைய வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாதையை அளந்துகொண்டு பாலத்துக்கு வந்தபோது, காலையில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் வந்தது ஞாபகம் வந்து, வீட்டுக்கு ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தார். கருவியை நிறுத்திவைக்க மறந்துவிட்டார். இந்தத் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மோட்டாரை அணைக்கப் போனதும் வந்ததும் கோட்டில் ஏறி, மேப்பில் ஏறி, ஊருக்கே வழியாகிவிட்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேர் வாசலில் வந்து நின்று, கையிலிருந்த மேப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் போன பிறகு, அன்றைக்கு முழுக்க, வழக்கம்போல் தனக்குத்தானே பேசிக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. மறுநாளே கோட்டைத் திருத்தி அனுப்பியிருக்கலாம். ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

"இல்ல, யாரு வீடுன்னு... இருங்க, அதுக்கு வர்றேன். அந்தப் பாதையோட அருமை உங்களுக்குத் தெரியாது. எழுபத்திநாலு கிலோமீட்டர்! ஒரு காரு, ஒரு லாரி குறுக்கே வராது. ஏத்தத்துல கோலிக்குண்டு சைஸ் கல்லு, பள்ளத்தாக்குல இறங்கினதும் மாவு மாதிரி மண்ணு. ஒரு ஹாரன் சத்தம் கேக்க முடியாது... ஆமா, நான் பேச்சை மாத்தறேன்தான். கண்டுபிடிச்சிட்டீங்களே!"

ஹாரன் சத்தம் ஆகாது என்றுதான் இங்கே வந்து உட்கார்ந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்ததும் இரண்டு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்று நகரத்துக்குப் போன மனைவி, மூன்று வருஷமாக அங்கேயே இருக்கிறாள். சண்டை ஒன்றுமில்லை. நீங்களும் வாங்களேன் என்பாள்; அந்த இரைச்சலில் மனுஷன் இருப்பானா என்பார் இவர். பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். வண்டி வராத வழியாகத் தேடித் தேடி, ஆளே வராத இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோமோ என்று அவருக்கு இப்போதெல்லாம் பயமாக இருந்தது.

"புகாரா? யாரு?... தனியா வந்த பொண்ணா... போன வாரம்... ஆமா, வந்துச்சு. சாயங்காலம், தூறலா இருந்தப்போ. மஞ்சள் கோட்டு போட்டுக்கிட்டு. அய்யோ, நல்ல பொண்ணும்மா! தண்ணி கூடக் குடிக்கல, அவசரமாத் திரும்பிடுச்சு... ஆமா, எனக்கு எப்படித் தெரியும்னா... நான் பாத்தேன்... அது என் வீடும்மா."

சொல்லிவிட்டார்.

"இருக்கீங்களா?... ஆமாம்மா, என் வீடுதான். ரெண்டு வருஷமா... தெரிஞ்சேதான் விட்டுவச்சேன்... திட்டுங்க, பரவால்ல... அந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கு? படிங்க... இல்ல, பரவால்ல, இருக்கறதை அப்படியே படிங்க."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முதலில் சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

"ஆமா... டம்ளரோட வாசல்ல நின்னேன், ஆமா... 'வாம்மா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்'னு சொன்னேன். அது நான் எல்லார்கிட்டயும் சொல்றதும்மா! டயர் சத்தம் பாலத்துலயே கேட்டுடும், நான் டம்ளரைக் கழுவி வச்சிடுவேன், வந்ததும் அப்படிச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க... ம்... தனியா வர்ற பொண்ணுகிட்ட... ம்... பின்னாடி துரத்தினேனா? நானா?"

சுவர் ஆணிப் பக்கம் சட்டென்று திரும்பினார்.

"கையுறை! கையுறை கீழ விழுந்துடுச்சும்மா. அதைக் குடுக்கத்தான் ஓடினேன். நில்லும்மா, நில்லும்மான்னு கத்தினேன். கேக்காம போகுதேன்னு இன்னும் கத்தினேன்... இதோ, ஆணியில மாட்டி வச்சிருக்கேன். துவைச்சுக் காயவச்சு... விழுந்துடுச்சா? எங்க?... பாலத்து வளைவுல. அங்க கல்லு வழுக்கும்மா, நானே எழுதியிருக்கேனே, மெதுவாப் போகணும்னு... மெதுவா எப்படிப் போகும். ஆமா. நான் கத்திக்கிட்டுப் பின்னாடி வந்தா எப்படி மெதுவாப் போகும்... கையில என்ன? எலும்பா?... எத்தனை வாரம் கட்டு போட்டிருக்காங்க?... ஆறு வாரமா."

பெஞ்சைப் பார்த்தார். தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தார். கவிழ்த்துவைத்த ஆறு டம்ளரையும் பார்த்தார். இருட்டப் போகிற நேரத்தில், மழையில், மேப்பை நம்பி வந்த பெண் பிள்ளையின் கண்ணால் அதையெல்லாம் முதல் தடவையாகப் பார்த்தார். அவருக்கு அவமானமாக இருந்தது.

"அழிச்சிடுங்கம்மா... நாளைக்கு வேணாம், இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்... ஆமா, பாலத்துலேர்ந்து நேரா. வலதுபக்கம் அடிபம்பு ஒண்ணு இருக்கு, நல்ல தண்ணி, அதைப் போடுங்க... யோசிச்சுத்தான் சொல்றேன்... என்னைப் பத்தி என்னம்மா, நான் இங்கதானே இருப்பேன்."

விசைப்பலகைத் தட்டல் காதில் கேட்டது. நாலைந்து தட்டல்தான்.

"போயிடுச்சா?... மொத்தம் எவ்வளவு காட்டுது?... எழுபத்தி மூணு புள்ளி ரெண்டு. சரியா இருக்கு, எண்ணூறு மீட்டர். போக நானூறு, வர நானூறு... சே சே, அழல்லாம் இல்லம்மா, காலைலேர்ந்து ஜலதோஷம். அந்தக் கையுறையை ஆபீசுக்கு அனுப்பறேன், நீங்க அந்தப் பொண்ணுகிட்ட சேத்துடுங்க. என்கிட்டேர்ந்து வந்ததுன்னு சொல்ல வேணாம், பயந்துக்கும்... மன்னிப்பு மட்டும் கேட்டுக்கிட்டேன்னு நீங்களே எழுதிடுங்க... ம்... ம்... நல்லது."

அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் அவர் வைக்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா... நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?... ஓட்டாமலே இத்தனை மேப் போட்டிருக்கீங்களா! ஆச்சரியம்தான்... அப்படியா, வேற போன் வருதா? எடுங்க, எடுங்க. ஒரே ஒரு விஷயம். உங்களுக்கு எப்பவாவது இந்தப் பக்கம் வரணும்னு தோணினா, ஆபீஸ் ஆளுங்க நாலு பேரைச் சேத்துக்கிட்டு, பகல்ல வாங்க. மேப்பைப் பாக்காதீங்க, அது இனிமே நேராத்தான் கூட்டிட்டுப் போகும். பாலம் தாண்டினதும் வண்டியை நிறுத்துங்க. இடதுபக்கம் மண் பாதை ஒண்ணு பிரியும். அதுல திரும்பி, ஏத்தம் ஏறி, ஒரு மரப்படல் வரும், தள்ளினாத் திறந்துக்கும். நான் வாசல்ல நிக்க மாட்டேன், நீங்களே கூப்பிடுங்க... என்னம்மா, வழி புரிஞ்சுதா?... ஹலோ?... இடதுபக்கம்மா... ஹலோ?"