அழகாகச் சொல்லி விலகியவர்களின் சார்பில்

மேடையில் என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கப் பொருளாளர் அவர்களே, மருத்துவர் அம்மா அவர்களே, இந்தக் கூட்ட அறை கொள்ளாமல் மாடிப்படி வரைக்கும் நிற்கும் என் அண்டை வீட்டாரே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். வணங்கிய தலையை நிமிர்த்த இன்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் எதற்கு என்று சொல்வதற்காகவே எழுந்து நிற்கிறேன்.

நம் சங்கத்தின் செயலாளர், சிறியவர் பெரியவர் என்ற வேறுபாடின்றி நாம் எல்லோரும் 'யோசனை அக்கா' என்று அழைத்த பெருமாட்டி, மறைந்துவிட்டார். எனக்கு வயதில் எவ்வளவோ இளையவர். நானும் அக்கா என்றுதான் அழைத்தேன். அவருக்கு இரங்கல் தெரிவிக்க ஒரு கட்டடமே திரண்டிருக்கிறது. ஆனால் அவருடைய கணவர் எங்கே? ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், நம் ரயில்காரர், எங்கே? உடம்புக்கு ஒன்றுமில்லை. நான்காம் மாடியில் தம் வீட்டில்தான் இருக்கிறார். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். நாளை மறுநாள் வெளியூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு. திரும்பி வருவதாக எண்ணமில்லை. இன்று காலை கூட்டத்துக்கு அழைக்கப் போனேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னார்:

"நான் வரலைங்க. வந்தா நீங்க எல்லாரும் என்ன சொல்லணுமோ அதைச் சரியாச் சொல்லுவீங்க. அவதானே சொல்லிக்குடுத்தா. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

அன்பர்களே! இரங்கல் கூட்டத்தில் சரியாகப் பேசிவிடுவார்களே என்று ஒரு மனிதர் அஞ்சுவதை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? இதன் பொருள் விளங்க வேண்டுமானால் அக்கா நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதை நினைவுகூர வேண்டும்.

தொலைபேசி நிலையத்தில் புகார் கேட்கும் மேசையில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். கோபத்தோடு வருகிறவனின் குரலைக் கேட்டுக் கேட்டு, மனித மனத்தின் எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் இளகும் என்று அறிந்தவர். மாலையில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். நாம் ஒவ்வொருவராகப் போவோம். பூட்டு இறுகிவிட்டதா? சாவியில் பென்சில் கரியைத் தேய்க்கச் சொல்வார். எதிரே வருகிறவரின் பெயர் மறந்துவிட்டதா? "கூட வர்றவங்களை முதல்ல அறிமுகப்படுத்துங்க. அவரே தன் பேரைச் சொல்லிருவாரு" என்பார். எத்தனை சங்கடங்கள்! எத்தனை சுலபமான வழிகள்!

நம் கணக்காளர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் தாங்காமல் ஒரு நாள் துடைப்பக் கட்டையால் தம் வீட்டுக் கூரையை இடித்தவர். தலை குனியாதீர்கள் ஐயா, எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அக்கா அவரைப் பிடித்து நிறுத்தினார். "கோவமா இருக்கும்போது படியேறாதீங்க. காலையில குளிச்சிட்டுப் போங்க. சத்தம் போடாதீங்கன்னு சொல்லாதீங்க. நாற்காலிக் காலுக்கு ரப்பர் மாட்டுனா தரையில கீறல் விழாதுன்னு சொல்லுங்க. அவங்க தரையைப் பத்திக் கவலைப்படுங்க, உங்க காதைப் பத்தி மூச்சு விடாதீங்க" என்றார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அது இதுதான். அன்றிலிருந்து அந்த இரண்டு வீடும் ஒரே குடும்பம்.

என்னை அவர் விட்டாரா? மறைநூல் விளக்கம் என்று வாரந்தோறும் இதே அறையில் நான் நேரம் போவது தெரியாமல் பேசுவேன். ஒரு நாள் என் காதோடு சொன்னார்: "பெரியவரே, கடவுளுக்குக் கேக்க நேரம் இருக்கு. இவங்க நாளைக்கு வேலைக்குப் போகணும். நாற்காலி கிறீச்சுனு சத்தம் கேட்டா முடிச்சிருங்க." நான் முகம் சுளித்தேன். அடுத்த வாரம் கிறீச்சென்று கேட்டது. முடித்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக என் உரைக்குக் கைதட்டல் கிடைத்தது!

ஆனால் அக்காவின் யோசனைகளில் தலையாயது வேறு. மறுப்பது எப்படி? போக விருப்பமில்லாத இடத்துக்குப் போகாமல் இருப்பது எப்படி? விருந்தாளியை மனம் நோகாமல் எழுப்பி அனுப்புவது எப்படி? அதற்கு ஒரே சூத்திரம் வைத்திருந்தார். "உன் வசதியைச் சொல்லாதே. அவங்க வசதியைச் சொல்லு. எனக்கு நேரமாச்சுன்னு சொல்லாதே. உங்களை ரொம்ப நேரமாப் பிடிச்சு வச்சிட்டேனேன்னு சொல்லு. காரணம் ஒண்ணே ஒண்ணு போதும். ரெண்டு சொன்னா பொய்னு தெரிஞ்சிரும்." எவ்வளவு நுட்பம்! எவ்வளவு நயம்! இந்தக் கட்டடத்தில் இதைக் கல்லாதார் உண்டோ? கற்றோம். கசடறக் கற்றோம். கழுவும் மீனில் நழுவும் மீனானோம்.

பிறகு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தார். அறிவு அப்படியே இருந்தது. கண்ணில் குறும்பும் அப்படியே இருந்தது. பேச்சு மட்டும் குழறிற்று. நினைத்த சொல் ஒன்று, நாவில் வந்த சொல் வேறொன்று. சொல்லையே தொழிலாகக் கொண்டவருக்கு இறைவன் சொல்லை எடுத்துக்கொண்டான் என்று நான் மேலே பார்த்துப் புலம்பினேன். அவர் வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது? அவர் சொல்வது புரியாவிட்டால் என்ன செய்வது? இப்படியொரு சங்கடம் நேர்ந்தால் நாம் யாரிடம் ஓடுவோம்? அக்காவிடம். அக்காவிடம் போவதே சங்கடமாகிவிட்டால்?

நாம் போகவில்லை.

முரடாகவா ஒதுங்கினோம்? இல்லை, அன்பர்களே, மிக அழகாக ஒதுங்கினோம். ஆளுக்கொரு செய்தி அனுப்பினோம். "அக்கா நன்றாக ஓய்வெடுக்கட்டும், தொந்தரவு செய்ய மனமில்லை" என்றோம். "கொஞ்சம் தேறியதும் வருகிறோம், இப்போது களைப்பாக இருக்கும்" என்றோம். காரணம் ஒன்றுதான் சொன்னோம். நம் வசதியைச் சொல்லவில்லை. அவர் வசதியைச் சொன்னோம். அவர் நம் கையில் கொடுத்த கத்தியால் அவரையே அறுத்தோம், அதுவும் இரத்தம் வராமல்!

அவருக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? இன்று காலை ரயில்காரர் சொன்னார். செய்திகளை அவர்தான் வாசித்துக் காட்டுவாராம். அக்கா கண்ணை மூடிக் கேட்பாராம். பிறகு கையைத் தூக்கி மதிப்பெண் போடுவாராம். கணக்காளரின் செய்திக்கு, "நல்லா... சொல்லிருக்கான்" என்றாராம். பொருளாளர் அவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு காரணம் சொல்லியிருந்தீர்களாம். "ஒண்ணு... ஜாஸ்தி" என்று விரலைக் காட்டினாராம். சிரிக்கிறீர்கள். நானும் காலையில் சிரித்துவிட்டேன். அடுத்து அவர் என் செய்தியைப் பற்றிச் சொன்னார்.

நான் என்ன எழுதினேன்? 'தங்கள் அமைதியைக் குலைக்க விரும்பாமல் தொலைவிலிருந்தே நாள்தோறும் பிரார்த்திக்கிறேன்' என்று எழுதினேன். பொய் இல்லை, பிரார்த்தித்தேன். நான் ஐந்தாம் மாடி. என் வீட்டுத் தரைதான் அவர் வீட்டுக் கூரை. தரையில் மண்டியிட்டு அவருக்காகக் கண்ணீர் விட்டேன். என் வேண்டுதல் மேலே போயிற்று; நான் போக வேண்டியிருந்ததோ கீழே ஒரு மாடி! அக்கா அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தாராம். பிறகு, "பெரியவர்... தேறிட்டார்" என்றாராம்.

இத்தனை ஆண்டுகளில் அவருடைய மாணவர்களிலேயே மக்கு நான்தான். கடைசியில் தேறிவிட்டேன். மறையைப் பொருளோடு ஓதியவன், பழம்பாட்டுக்கு உரை சொன்னவன், அயலானை நேசி என்று இந்த அறையே அதிரப் பேசியவன், நோயுற்ற அயலாளிடம் போகாமலிருக்கக் கற்றுத் தேறினேன். ஊருக்கு உபதேசம்! இதைவிட ஒரு வெட்கம் உண்டா?

போனவர் ஒருவர் இருக்கிறார். யார் என்று உங்களுக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நம் இரண்டாம் மாடி அம்மாள். அவருக்கு நாம் வைத்த பெயர் 'பட்டாசு'. முகத்துக்கு நேரே சொல்லி நான் இப்போதுதான் கேட்கிறேன். மன்னிக்க வேண்டும் தாயே. வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "கொஞ்சம் சுத்தி வளைச்சுப் பேசும்மா" என்று அக்கா ஒருமுறை சொன்னபோது, "சுத்தி வளைச்சுப் போனா பெட்ரோல் வீணாகும் அக்கா" என்று பதில் சொன்னவர். அக்காவின் யோசனை எதுவும் அவர் காதில் ஏறியதே இல்லை.

அவர் நேரே போய்க் கதவைத் தட்டினார். உட்கார்ந்தார். அக்கா ஏதோ சொன்னார். "அக்கா, ஒண்ணும் புரியல. திரும்பச் சொல்லுங்க" என்றார் இவர். ரயில்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். அக்கா மறுபடி சொன்னார். "இன்னும் புரியல. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன்." மூன்றாம் முறை, சொல் சொல்லாகப் பொறுக்கி அக்கா சொன்னது இது:

"உனக்கு மட்டுந்தான்... என்னால... கத்துக்குடுக்க முடியல. நல்லவேளை."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்ததாம். திறந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாராம். அந்தக் கதவு யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை.

பிறகு இவர் கேட்டாராம்: "அக்கா, பேச்சு குழறுறவங்ககிட்ட எப்படிப் பேசணும்? நீங்களே சொல்லுங்க. உங்களைவிட்டா யாருக்குத் தெரியும்?" பார்த்தீர்களா! நாம் கேட்கப் பயந்த கேள்வி இவ்வளவுதான். அக்கா முகம் எப்படி மலர்ந்தது என்பதைச் சொல்லும்போது ரயில்காரர் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டார். நெடுநாளைக்குப் பிறகு ஒருவர் யோசனை கேட்டு வந்திருக்கிறார் அல்லவா! நிதானமாகச் சொன்னாராம்: "புரியாம... தலையாட்டாதே. வார்த்தையை... நீ முடிச்சு வைக்காதே. காத்திரு." அன்று முதல் கடைசி நாள் வரை மாலை தோறும் அந்த அம்மாள் போய்க் காத்திருந்தார்.

இதையெல்லாம் நான் வாசற்படியில் நின்றபடி கேட்டேன். கேட்டு முடித்ததும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? உள்ளே போயிருக்க வேண்டாமா? என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "நீங்கள் களைத்திருப்பீர்கள், ஓய்வெடுங்கள். பிறகு வருகிறேன்." மிகச் சரியான வாக்கியம்! அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த சட்டையை எடுத்தார்.

சங்கத்தின் தீர்மானம் இதோ என் கையில் இருக்கிறது. இந்த அறைக்கு அக்காவின் பெயர் சூட்டலாம், அவருடைய யோசனைகளைத் தொகுத்து அச்சிடலாம் என்று இருக்கிறது. செய்வோம். ஆனால் இன்று நான் இதை வாசிக்க மாட்டேன். அவருடைய பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பதுதான் இத்தகைய கூட்டத்தின் நிறைவு. எந்தப் பணியை? நாக்கைப் பழக்கிக்கொண்டோம், இனிக் காலைப் பழக்கவேண்டும். இந்தக் கட்டடத்தில் யார் படுத்தாலும் படியேறுவோம் என்று இறைவன் அறிய நான் சொல்கிறேன். உளறுவோம், தப்பாகப் பேசுவோம், பேச்சில்லாமல் விழிப்போம். ஆனாலும் போவோம். மனமுள்ளவர்கள் என்னோடு...

என்ன, இரண்டாம் மாடி அம்மா? உரக்கச் சொல்லுங்கள். "பேசிட்டே இருந்தா எப்பப் போறது பெரியவரே? அவர் பெட்டியைக் கட்டி முடிச்சிருவாரு" என்கிறீர்களா?

சரிதான் தாயே. சரிதான்.

அன்பர்களே, எல்லோரும் ஒரே நேரத்தில் வராதீர்கள். அவர் வீட்டில் அத்தனை நாற்காலி இல்லை. நான் முதலில் போகிறேன். கதவு திறந்தால் என்ன சொல்வேன்? மாடிப்படி முழுக்க யோசித்துக்கொண்டே ஏறினாலும் எனக்கு நல்ல வாக்கியம் எதுவும் கிடைக்காது. கிடைத்தால் அதைச் சொல்லாமலிருக்க இறைவன் அருள வேண்டும். "நான் வரவேயில்லை, ரயில்காரரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்காருவேன். அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன். திட்டாவிட்டால், எழுந்து போகச் சொல்லும் வரை அங்கேயே இருப்பேன். தங்கை வீட்டுக்குப் போகாதீர்கள் என்று கேட்க எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. சட்டை மடிக்கலாம்.

மைக்கை அணைத்துவிடுங்கள்.