பெட்ரோல் பம்பின் மேல் போட்ட ஈரத்துணி

என் பெயர் ரத்தினபாய், வயது 34, கணவர் பெயர் தனசிங். பொழிச்சலூர் கிணற்றுத் தெருவில் குடியிருந்து தையல் வேலை செய்து வருகிறேன். இன்று 14.11.1991 காலை, யாரும் அழைக்காமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து சொல்வது.

என் கணவரிடம் 1966 மாடல் கறுப்பு நிறப் பெட்ரோல் கார் ஒன்று உள்ளது. நான்கு சிலிண்டர். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுக்கும் என்பார். ஆறு கொடுத்தால் அதிகம். மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் ஏறி ஸ்டார்ட் ஆகாது. வெயில் காலத்தில் எஞ்சினோடு சேர்ந்த பெட்ரோல் பம்ப் சூடாகி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். அப்போது பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும். தெருவில் வேறு யாரிடமும் கார் இல்லாததால் இதுவும் அவருக்குப் பெருமைதான்.

கடந்த மே மாதம் ஒரு பகலில் எங்கள் மகள் புஷ்பம், வயது ஐந்து, கடும் காய்ச்சலில் கிடந்தாள். எதிர்வீட்டு ஆட்டோ டிரைவர் துரை வந்து பார்த்து, "கொயந்தைக்கு ஒடம்பு கொதிக்குதுக்கா. நம்ம வண்டில குந்து, தாம்பரம் இட்டுகினு போறேன்" என்றார். என் கணவர், "வாசல்ல காரை வச்சுக்கிட்டு ஆட்டோல போனா நாலு பேர் சிரிப்பாங்க" என்று சொல்லிக் காரை எடுத்தார். அதன் பிறகு குரோம்பேட்டையைத் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. அதன் பிறகு குழந்தைக்கு வலிப்பு வந்தது. வேறு வண்டியை நிறுத்தச் சொல்லி நான் கதறினேன். அவர் பின்கதவைத் திறந்து, குழந்தையின் நெற்றியில் நான் போட்டிருந்த ஈரத்துணியை எடுத்துப்போய்ப் பம்பின் மேல் போட்டார். பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரையும் அதன் மேலேயே ஊற்றினார். கார் நன்றாகக் குளிர்ந்த பிறகு கிளம்பியது. வலிப்பு நீடித்ததால் மூளையைப் பாதித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அன்று முதல் மகளுக்குப் பேச்சில்லை. என்னை அம்மா என்றும் கூப்பிடுவதில்லை.

முந்தாநாள் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் கணவர் எழுந்து சாட்சி சொன்னார். "நடுரோட்ல செத்துக் கெடந்த வண்டிய ஆண்டவர் எழுப்பினார். அந்த வண்டியாலதான் எம் பொண்ணு உயிரோட இருக்கா" என்றார். வந்திருந்த எல்லோரும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். மகள் என் மடியில் இருந்தாள்.

அதன் பிறகு நேற்று பகலில், அவர் பஸ்ஸில் ஆபீஸ் போனதும், நான் பானெட்டைத் திறந்து அம்மிக்குழவியால் பெட்ரோல் பம்ப், கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றை உடைத்தேன். கூட யாரும் இல்லை. எது எங்கே இருக்கிறது என்பது, அவர் பழுது பார்க்கும்போதெல்லாம் டார்ச் பிடித்து நின்றதில் எனக்குத் தெரியும். துரைதான் பொறாமையில் உடைத்தார் என்று என் கணவர் புகார் கொடுத்து, அவரை இங்கே பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். துரைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரை விட்டுவிட வேண்டும்.

எனக்குப் புத்தி சரியில்லை என்று எழுதிக்கொள்ளும்படி என் கணவர் வெளியே நின்று கேட்பதாக ஏட்டையா சொன்னார். அப்படி எழுத வேண்டாம். அவர் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னார், நான் ஸ்டேஷனில் சொல்கிறேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இதற்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதில்லை.

(ஒப்பம்)
த. ரத்தினபாய்