இரண்டு கட்டைவிரல்

தலவாக்கலையில் இருந்து அட்டன் போகும் பஸ்ஸில் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு இதைக் கேட்டேன். தவறுதான்.

“மூக்கு மட்டுந்தான் தெரியுது தங்கச்சி” என்றாள் முன் இருக்கையில் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண், போனைக் காட்டி. “இன்னைக்குத்தான் மொத நாளா புள்ளக் காம்பராவுல விட்டிருக்கேன். சாப்பிட்டானான்னு தெரியணுமே.”

பக்கத்தில் இருந்தவள்தான் அந்தப் பிள்ளைக் காப்பகத்துப் படங்களைத் தாய்மாருக்குக் காட்டும் செயலியைச் செய்தவள். அவர்கள் அதை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்க்க வந்திருந்தாள்.

“ரெண்டு கட்டவெரலயும் வச்சு இழுத்தா பெருசாகத்தானே செய்யும்க்கா? ஒரு வெரலால தொடுங்க.”

“கொழுந்த ரெண்டு கையாலதானே எடுக்கிறோம். அதே பழக்கம்.”

“அப்ப தப்பு எங்களோடது. கொழும்பு ஆபீஸ்ல எல்லாரும் ஒரு வெரலாலதான் தொட்டுப் பாத்தோம். பெருசாகாம மாத்திர்றேன்.”

ஒரு விரலால் தொட்டதும் முழுப் பிள்ளையும் தெரிந்தான். நல்ல தூக்கம்.

“தின்னுட்டுத் தூங்குறானா, அழுதுட்டுத் தூங்குறானா?”

தாய் மறுபடியும் இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுத்தாள்.

“பருக்க! மூக்கு நுனியில சோத்துப் பருக்க ஒட்டியிருக்கு! தின்னுட்டான்! தங்கச்சி, இத மட்டும் மாத்திறாதீங்க!”

பஸ்ஸே சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்த நானும் சிரித்து மாட்டிக்கொண்டேன்.