கொச்சிக்கடை வரைக்கும் கியூ

– டேய் ரொனி, உன்ட கடைக்கு இண்டைக்கு கொச்சிக்கடை கோயில் மதில் வரைக்கும் கியூ! கப்பலால இறங்கின வெள்ளைக்காரன் ஒருத்தன் நடுவில புகப் பார்த்தவன். 'பின்னால போய் நில்லு தம்பி' எண்டு கலைச்சு விட்டன்.

– பேர்னாட் அத்தான், களைச்சுப் போய் வந்திருக்கிறன், பகிடியை விடுங்கோ. பின்னேரம் கடையைப் பூட்டி, கட்டிடச் சொந்தக்காரி மேனகா மிஸிட்ட திறப்பைக் குடுக்கோணும்.

– குடு, குடு. உள்ளுக்கு என்ன மிச்சமிருக்கெண்டு பார்த்திட்டுக் குடு.

– ஐயோ! கல்யாணப் பொம்பிளை தலையில போடுற நெற் துணி எங்க? வெள்ளைக் கையுறைகள் எங்க? கள்ளர் வந்தவங்களோ?

– கள்ளரில்லை ராசா, கஸ்டமர்!

– கல்யாணச் சாமான் கடைக்கோ? இந்த வருசத்திலயோ? டொலர் இல்லையெண்டு லேஸ் இறக்க விடுறாங்களில்ல. பாதிப்பேர் கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறாங்கள், மிச்சப்பேர் அம்மாட பழைய நெற்றைத் தோய்ச்சுப் போட்டுக் கட்டுறாங்கள்.

– கேளன். உன்ட அக்கா மெற்றில்டா, காஸ் வந்தா எடுக்கச் சொல்லி வெறும் சிலிண்டரை என்ட கையில தந்துவிட்டவ. அதைக் கடை வாசல்ல வச்சிட்டு ஃபேனுக்குக் கீழ இருந்தன்.

– கரண்டே இல்லையே!

– ஓடாத ஃபேனுக்குக் கீழதான், குறுக்க கதைக்காத. நிமிர்ந்து பார்த்தா என்ட சிலிண்டருக்குப் பின்னால இன்னொரு சிலிண்டர். அதுக்குப் பின்னால மண்ணெண்ணெய்க் கான். அதுக்குப் பின்னால ஆக்கள், ஆக்கள், ஆக்கள்!

– என்னத்துக்கெண்டு கேக்காமலோ நின்டவங்கள்?

– கேட்டிட்டு நின்டா இடம் போயிடும். நின்டிட்டுத்தான் கேக்கிறது. 'மொனவத தென்னே, என்ன குடுக்கிறாங்கள்?' எண்டாங்கள். 'இன்னும் சொல்லேல்ல' எண்டன். பொய்யோ? எனக்கும் ஆரும் சொல்லேல்லத்தானே!

– நெற் எண்டு தெரிஞ்சதும் உங்களுக்கு அடிக்கேல்லையோ?

– முன்னுக்கு நின்ட நிஷாந்தி அடிக்கத்தான் வந்தவ. வந்த கையால நெற்றைத் தொட்டுப் பார்த்தா. வீட்டில கரண்டில்லை, நுளம்புத்திரி இல்லை, பிள்ளைகள் விடிய விடியச் சொறியுதுகள். 'அங்கிள், இது கட்டிலுக்குக் காணுமோ?' எண்டா. முடிஞ்சுது கதை! வெட்டி வெட்டிக் கத்தரிக்கோல் சிவந்து போச்சு, தண்ணியில முக்கி முக்கி வெட்டினன்.

– கையுறை?

– அது சிலிண்டர் உருட்டுறவைக்கு. அரைவாசிக் கொழும்பு இப்ப கல்யாணப் பொம்பிளைக் கையோட சிலிண்டர் உருட்டுது.

– ஹாபர்ல கிளாக்கா இருந்த நேரம் திமிங்கிலத்துக்கு ரசீது வெட்டினனான் எண்டவர்தானே நீங்கள்!

– அது சின்னத் திமிங்கிலம். இதைக் கேள். மேனகா மிஸியும் வந்து தன்ட வீட்டுக் கட்டில் எல்லாத்துக்கும் கேட்டிட்டுப் போனவ. திறப்பு உன்னட்டயே இருக்கட்டுமாம். நுளம்புவலை தைச்சு வில், கடை நிக்கும். எங்கட நுளம்பு உன்னைப் போல ருமேனியாவுக்கு வேலைக்கா போகப் போகுது?

– அத்தான், பகிடியில்லை. இதை நம்பி நான் ருமேனியாப் பயணத்தை விட்டு, நாளைக்கு ஒருத்தரும் வராட்டி, மனிசியும் பிள்ளையும் என்ன செய்யிறது? உண்மையைச் சொல்லுங்கோ. நான் மனம் நோகக்கூடாதெண்டு, சாமானைத் தெரிஞ்ச ஆக்களுக்குச் சும்மா தூக்கிக் குடுத்திட்டீங்களோ?

– அந்தோனியார் மேல சத்தியம்! நீ ஏன் நம்பப் போறாய்? நீதான் விடியக் காலமையே போய் பத்தரமுல்லைப் பாஸ்போட் கந்தோர் வாசல்ல நின்டவனாச்சே. ஃபோம் எடுத்தாங்களோ?

– கியூவின்ட வால் எங்க நின்டதெண்டீங்கள்?

– கோயில் மதிலடி. பஸ் நிக்கிற இடத்தையும் தாண்டி.

– எப்ப கலைச்சீங்கள்?

– மத்தியானம், நெற் முடிஞ்ச கையோட. நான் போட்ட சத்தம் ஒருகொடவத்தையில கொண்டெயினர் எல்லாம் அதிர்ந்திருக்கும். ஏன்டா, முகம் ஏன் இப்பிடிப் போகுது?

– நான் பத்தரமுல்லைக்குப் போகவேயில்லை, அத்தான். டீசலில்லையெண்டு பஸ் வரேல்ல. மதிலடியில நின்டனான். நான் கியூவுக்குப் போகேல்ல, கியூதான் வளர்ந்து வளர்ந்து என்னட்ட வந்தது. பிள்ளை டில்ஷானிக்குப் பால்மா கிடைக்குமெண்டு, மத்தியானம் வரைக்கும் என்ட கடைக்கு நானே வரிசையில நின்டிருக்கிறன்.