முன்சக்கரத்து ஓரம் கழற்றிய செருப்பு

உங்கள் ஸ்டேஷன் வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கின்றன, ஐயா. ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க, ஒன்றின் ஜோடி படிக்குக் கீழே. பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. என்னுடையதை ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். புதுச்சத்திரத்தில் என் பட்டறையில் செருப்பை எங்கே, எப்படி விடுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் பொன்னன். குமரகுரு செத்துப்போனது என் பட்டறையில்தான். அவன் என் மனைவி தமிழ்ச்செல்வியின் தம்பி. கிரேன் ஓட்டிய நசுருல்லா பாயைப் பிடித்து வந்து அந்தப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் கவனமில்லாமல் இன்ஜினை இறக்கியதால் உயிர் போனது என்று வழக்கு. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

பட்டறை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. லாரிகள் போகிற இரைச்சலில், வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன் கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் நான்தான் அந்த முறையை வைத்தேன். அடியில் போகிறவன் செருப்பைக் கழற்றி, முன்சக்கரத்து ஓரம் நுனி வெளியே பார்க்க ஜோடியாக வைத்துவிட்டுப் போக வேண்டும். செருப்பு இருக்கிறவரை ஒருவரும் ஜாக்கியைத் தொடக் கூடாது, கிரேனைத் தொடக் கூடாது. செருப்பு இல்லையென்றால் ஆள் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம். இந்த முறை வந்த பிறகு என் பட்டறையில் ஒருத்தன் விரல்கூட நசுங்கியதில்லை.

குமரகுரு மட்டும் இதை மதித்ததே கிடையாது. செருப்போடு உள்ளே போவான், செருப்போடு வெளியே வருவான். நான் சத்தம் போட்டால், “கோயிலுக்குள்ளயா போறனுங்க மாமா” என்று சிரிப்பான். மற்றவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அது ஒரே நாளில் பாய்வதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முட்டிப் பார்க்கும்.

அவன் செத்தது ராசிபுரத்து ஜவுளிக்காரர் வீட்டு அம்பாசிடருக்கு அடியில். பெரியவர் வாங்கியது. அந்த இன்ஜினை என்னைத் தவிர வேறு எவனும் திறந்ததில்லை. பெரியவர் காலமான பிறகு மகன் வந்தான். வண்டி பழையதாகவே தெரிய வேண்டும், ஆனால் உள்ளே புது டீசல் இன்ஜின் வேண்டும், பழைய இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றிப் போடுங்கள் என்றான். ஓடுகிற இன்ஜினைக் கழற்றுவது பாவம் என்றேன். குமரகுரு முந்திக்கொண்டு முடியும் என்றான். சரி, கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் நானே கழற்றுகிறேன், முதலில் கியர்பாக்ஸைக் கீழே இறக்கி, பிறகு இன்ஜினை மேலே தூக்குவதுதான் சரி என்றேன். இரண்டையும் சேர்த்தே தூக்கிவிடலாம் என்றான் அவன். அப்புறம், அந்த ஜவுளிக்காரர் மகனை வைத்துக்கொண்டே சொன்னான்.

“நீங்க சும்மா உக்காருங்க மாமா. கைதான் நடுங்குதுங்களே.”

அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான்.

ஐயா, என் கை நடுங்குவதில்லை. காலையில் வெறும் வயிற்றில் யாருக்கும் கொஞ்சம் இருக்கும். என் பட்டறையில், என் வாடிக்கையாளர் முன்னால், எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். நான் உட்கார்ந்தேன். அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இதோ உங்களிடம் பேசும்போதும் அப்படியேதான் இருக்கிறது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

மறுநாள் வேலை நடந்தது. பானெட்டைக் கழற்றினார்கள், ரேடியேட்டரை எடுத்தார்கள், ஆயிலை வடித்தார்கள். வண்டியின் முன்பக்கத்தை ஏற்றிக் கட்டை கொடுத்தார்கள். நசுருல்லா பாய் கிரேனைக் கொண்டுவந்து இன்ஜினைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டார். கவிழ்ந்த லாரிகளைத் தூக்குகிற பழைய கிரேன் அது. பிரேக்கைத் தளர்த்தினால் சுமை ஒரே இறக்கமாக இறங்கிவிடும். பாதி தூக்கியதும் கியர்பாக்ஸின் வால்பக்கம் அடியில் மாட்டிக்கொண்டது. நான் சொன்ன மாதிரி செய்திருந்தால் மாட்டியிருக்காது. இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

குமரகுரு தானே உள்ளே போய் விடுவிக்கிறேன் என்றான். விடுவித்துவிட்டு வெளியே வந்ததும் எல்லாவற்றையும் அப்படியே வண்டிக்கு அடியில் கிடக்கும் பலகைமேல் இறக்கி, சங்கிலியை மாற்றிப் போட்டுத் தூக்கலாம் என்று பாயிடம் சொன்னான். பாய் தலையசைத்துவிட்டு, முகம் கழுவப் பின்னால் போனார். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

அன்றைக்கு அவன் செருப்பைக் கழற்றினான். புதுச் செருப்பு. முன்சக்கரத்து ஓரம், நுனி வெளியே பார்க்க, ஜோடியாக வைத்தான். வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“பாத்துக்கிட்டீங்களா மாமா? இனிமே இப்படித்தானுங்க.”

கேலி என்றுதான் நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். முதல் நாள் வாயால் வெட்டிவிட்டு, மறுநாள் செருப்பை வைத்துச் சமாதானம் செய்ய வருகிறானா? அவன் உள்ளே போனான். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். செருப்பை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். செருப்பை இடம் மாற்றுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை.

கம்ப்ரசரையும் போட்டேன். டயருக்குக் காற்றுப் பிடிக்க வேண்டியிருந்தது.

பாய் வந்தார். சக்கரத்து ஓரம் பார்த்தார். செருப்பு இல்லை. இருபது வருடம் அந்த முறையை நம்பி வேலை செய்தவர். இருந்தாலும் நல்ல மனிதர், அப்படியே இறக்கிவிடவில்லை. என்னையும் ஒரு தடவை பார்த்தார். இரைச்சலில் கேட்காது என்பதால், இறக்கட்டுமா என்று கையால் கேட்டார். நான் தலையாட்டினேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாயும் சொல்லவில்லை பாருங்கள். தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று உங்களிடமும் அழுதிருப்பார். அவன் எப்போதுமே செருப்பைக் கழற்றமாட்டான், அவன் விதி என்றது ஊர். என் முறையின் அருமை இப்போதாவது தெரிந்ததே என்று இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள். பொய் சொல்வானேன், அதைக் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

தமிழ்ச்செல்விதான் அடங்கவில்லை. வெண்ணந்தூரில் தம்பியை எடுத்து அடக்கம் செய்த கையோடு, நேராகப் பட்டறைக்கு வந்தாள். தேடினாள். தொட்டி ஓரம் போய் நின்றாள். அங்கே எல்லோரும் செருப்பைக் காலாலேயே உதறிவிட்டுப் போவார்கள். உங்கள் வாசல் மாதிரிதான் இருக்கும். அந்தக் குப்பைக்கு நடுவில் ஒரு புது ஜோடி மட்டும் நுனி வெளியே பார்க்க ஒழுங்காக இருந்தது. முறை வைத்த கை, ஐயா. கோபத்திலும் ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறது.

அவள் சத்தம் போடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“மாமன் பேச்சைக் கேக்கறேன்னு போன வாரந்தான் எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனானுங்க. அதுக்குத்தான் இதை வாங்கிக் குடுத்தேன். தொட்டிகிட்ட இப்படி வெக்கறது உங்களை உட்டா வேற ஆருங்க?”

செருப்பை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“நீங்களே போறீங்களா, நான் போகட்டுங்களா?”

அதனால்தான் வந்தேன் என்று எழுதாதீர்கள். நானாகத்தான் வந்தேன். அடியில் அவன் இருக்கிறான் என்று தெரிந்தே செருப்பை எடுத்தேன், தெரிந்தே கம்ப்ரசரைப் போட்டேன், தெரிந்தே தலையாட்டினேன். நான்தான் கொன்றேன். செருப்பைத் தூக்கிக்கொண்டு தொட்டிவரைக்கும் நடந்தபோது என் கை துளிகூட நடுங்கவில்லை. நின்று கையைப் பார்த்தேன். அவன் சொன்னது பொய்.

வாசித்துக் காட்டினீர்கள், சரியாக இருக்கிறது. கையெழுத்து வேண்டாம், அந்த மைப்பெட்டியை இப்படித் தள்ளுங்கள், கட்டைவிரலை வைத்துவிடுகிறேன். எனக்குக் கையெழுத்துப் போட நன்றாகத் தெரியும். உங்கள் பேனாதான் சரியில்லை.