போனிடம் மூன்று தடவை சொன்னேன்

ஓடுகிறேன். காலில் செருப்பில்லை. பின்னால் முதல் சத்தம். மூட்டை விழுந்தது போல, தொம். நேரம் காலை பதினொன்று இருபது. செவ்வாய்க்கிழமை, அமாவாசைக்கு மறுநாள். இரண்டாவது சத்தத்தில் நாலாம் நம்பர் ரூமின் கூரை போய்விட்டது. அதோடு என் வலது காதும் போனது.

கேட்டைத் தாண்டி ஆமத்தூர் ரோட்டில் வந்து விழுந்தேன். அங்கே நிற்கிறான் அந்த மகராசன். கையில் போன்.

யாரென்று சொல்கிறேன். சமூகப் போராளியாம். போனில் தன் பெயருக்குக் கீழே அவனே அப்படிப் போட்டிருக்கிறான். ஆறு மாதத்துக்கு முன் எங்கள் பட்டாசுக் கம்பெனி வேலியோரம் நின்று வீடியோ எடுத்தான். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஏழு பேர் உட்கார்ந்து மருந்து அடைப்பதைக் காட்டினான். பொய்யில்லை. வீடியோ பரவியது. மெட்ராஸில் இருப்பவனும் துபாயில் இருப்பவனும் நீதி வேண்டும் என்று கொதித்தான். பத்து நாள் கொதித்தார்கள். அப்புறம் கிணற்றிலிருந்து நாய்க்குட்டியைத் தூக்கிய வீடியோ வந்தது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

முதலாளி ஆளைக் குறைத்தாரா? சீசன் நேரத்தில் குறைக்க அவருக்கென்ன பைத்தியமா? ஒளியப் பழக்கினார். அதிகாரியோ போனோ, எது தலை காட்டினாலும் போர்மேன் கத்துவார். ரெஜிஸ்டரில் பேர் இல்லாத மூன்று பேரும் பின்னால் செய்த பட்டாசை அடுக்கிவைக்கும் சரக்குச் செட்டுக்குள் போய்விட வேண்டும். வெளியே பூட்டு. வந்த ஆள் போனதும் திறப்பார். எங்களுக்கும் அது பழகிவிட்டது. கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காரலாம் என்று மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே போவாள். அவள் என் தம்பி பெண்டாட்டி. நான்தான் வேலைக்குக் கூட்டிவந்தேன்.

அன்றைக்கும் அவன் பைக் வந்தது. பழைய வீடியோவுக்குத் தொடர்ச்சி எடுக்க வந்தானாம்.

"வீடியோக்காரன் வாரான்! செட்டுக்குள்ள போங்க!"

போனார்கள். போர்மேன் பூட்டினார். அந்த அவசரத்தில் யாரோ மருந்துத் தட்டைத் தரையில் இழுத்தார்கள். உரசல் போதும். புகை கண்டதும் ரூமிலிருந்த நாலு பேரும் வெளியே பாய்ந்தோம். போர்மேன் எங்களுக்கு முன்னால் ஓடினார். சாவியோடு.

பதினொன்று நாற்பது. தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது. என்னிடமிருந்து நாற்பது அடி இருக்கும். வாட்ச்மேன் ரெஜிஸ்டரைக் காட்டுகிறார். பேர் உள்ளவர்கள் எல்லோரும் வெளியே. அதனால் யாரும் உள்ளே போகவில்லை. செட்டில் இன்னும் தீ பிடிக்கவில்லை.

அவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"தம்பி, செட்டுக்குள்ள ஆளு இருக்கு. மூணு பேரு. வெளிய பூட்டிக் கெடக்கு."

"இங்கன பாத்துச் சொல்லுங்கக்கா. லைவ் போகுது."

சொன்னேன். சிக்னல் விட்டுவிட்டது என்றான். மறுபடி சொன்னேன். அழுகையில் பேச்சு விளங்கவில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றான். நிதானமாகவும் சொன்னேன். போனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, கலெக்டருக்கே கேட்கும் என்று நினைத்தேன். நாற்பது அடி போய் வண்டிக்காரர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். கூறுகெட்டவள், கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

பதினொன்று நாற்பத்தேழு. செட். ஒரே சத்தம்.

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. என் அழுகைக்குக் கீழே கும்பிடுகிற கை, உடைந்த இதயம், மெழுகுவத்தி. வரிசையாக வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களில் ஒருத்தராவது தீயணைப்புக்கு ஒரு போன் போட்டாரா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் அவன் என் வீட்டு வாசலில் நின்றான். மக்கள் குரலாக ஒரு பேட்டி வேண்டுமாம். விளக்குமாற்றை எடுத்தேன். அதையும் வீடியோ எடுத்தான்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரூம் ஒன்று. செட் ஒன்று. மாரீஸ்வரி, வயது இருபத்தாறு. பேச்சியம்மாள், வயது ஐம்பது இருக்கும். பேச்சியம்மாளின் மகள் கவிதா, வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்.

கம்பெனி எழுதிக் கொடுத்த கணக்கு வேறு. அனுமதியில்லாமல் செட்டுக்குள் புகுந்த வெளியாட்கள் மூன்று. தொழிலாளர் இறப்பு இல்லை.