வீட்டில வேற ஆர் இருக்கினம்?

எட்வேட்: கையெழுத்து வைக்காட்டி என்ன செய்வினம்? சுட்டுப்போடுவினமோ?

டொலறஸ்: இஞ்சருங்கோ, பூசையால வந்து நான் இன்னும் சப்பாத்தே கழட்டேல்லை. அதுக்குள்ள உங்கட பகிடி.

எட்வேட்: பகிடி இல்லையப்பா. உம்மட சுடுற கிளப்பில இருக்கிற அவ்வளவு பேரும் துவக்குக்காரர். கிளப்பின்ர கடிதத்தில மற்றவையெல்லாம் கையெழுத்து வைச்சிட்டினம், நீர் மட்டும் வைக்கேல்லை. புருசனுக்குப் பயம் வரும்தானே.

டொலறஸ்: அந்தத் துவக்குகள் வானத்தில எறியிற களிமண் தட்டைச் சுடுறதுக்கு. உங்களை ஆர் தூக்கி வானத்தில எறியப்போறது?

எட்வேட்: ஹா... அதுவும் சரிதான். இந்தப் பாரத்தை ஆர் தூக்குறது! என்ன, அப்பிடிப் பாக்கிறீர்?

டொலறஸ்: ஒண்டுமில்லை. சிரியுங்கோ. நீங்கள் இப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம்.

எட்வேட்: கதையை மாத்தாதையும். எம்.பிக்கு அனுப்பச் சொல்லி கிளப் என்ன எழுதித் தந்தது?

டொலறஸ்: கவுண்மென்ற் துவக்குச் சட்டத்தை இறுக்கப் பாக்குதெல்லே. ஷொட்கண் வைச்சிருக்கிற எங்களையும், றைபிள் வைச்சிருக்கிற ஆக்களைப்போல துருவித் துருவி விசாரிக்க யோசிக்கினம். 'நாங்கள் ஒழுங்கான ஆக்கள், எங்களை ஏன் கரைச்சல் படுத்துறீங்கள்' எண்டு எழுதியிருக்கு. ஆளாளுக்குக் கையெழுத்து வைச்சுத் தங்கட எம்.பிக்கு அனுப்பவேணும்.

எட்வேட்: நியாயம்தானே. அதில என்ன பிழை?

டொலறஸ்: பிழையெண்டு நான் சொல்லேல்லை. பாதிக்கு மேல எனக்கும் சம்மதம்தான். ஆனா நான் வேற ஒண்டு எழுதிப்போட்டன்.

எட்வேட்: நீர் கிளப் கப்டன். கப்டனே மாறி எழுதினா...

டொலறஸ்: கப்டனா இருக்கேலாதாம். தலைவர் போன் எடுத்தவர். 'டொலறஸ், யோசிச்சு அனுப்பு' எண்டார். நல்ல மரியாதையாத்தான் சொன்னவர். போனை வைச்சாப்பிறகுதான் அது வெருட்டல் எண்டு எனக்கே விளங்கினது.

எட்வேட்: விசரே உமக்கு! என்ன பாடுபட்டு எடுத்த இடம் அது! முதல் நாள் நீர் அங்க போகேக்க, தேத்தண்ணி போட வந்த ஆளெண்டெல்லே நினைச்சவை.

டொலறஸ்: ஓம், ஒருத்தர் எனக்கு ரெண்டு சீனி எண்டும் சொன்னவர்.

எட்வேட்: அவருக்குப் பிறகு நல்ல தேத்தண்ணி குடுத்தனீர்! நான் வேலிக்கரையில நிண்டு பாத்தனான். மேல போன தட்டு ஒண்டும் முழுசாக் கீழ வரேல்லை. துவக்குச் சத்தத்துக்கு ஓடி ஓடி லண்டன் வந்து சேர்ந்த சனம் நாங்கள். இஞ்ச என்ர மனிசி துவக்கைத் தூக்க, வெள்ளைக்காரன் கைதட்டுறான். அண்டைக்கு எனக்குக் கால் நிலத்தில படேல்லை.

டொலறஸ்: பெருமையாம் பெருமை! நான் வெண்ட கப் என்னத்துக்கு எண்டு பூசைக்கு வாற றூபினி கோயிலடியில கேக்க, நெற்போல் விளையாட்டுக்கு எண்டு சொன்னது ஆர்?

எட்வேட்: பின்னை? துவக்கெண்டு சொல்லியிருந்தா அவ நேர சுவாமியாரிட்ட ஓடியிருப்பா... சரி, வாசியும் பாப்பம்.

டொலறஸ்: இந்தாங்கோ, இங்கிலிஸ் என்னைவிட உங்களுக்குத்தானே வரும். நீங்களே பாருங்கோ.

எட்வேட்: வேண்டாம், நீர் தமிழில சொல்லும். இங்கிலிசில எதை எழுதினாலும் வடிவாத்தான் இருக்கும்.

டொலறஸ்: ம்... 'நான் துவக்கு வைச்சிருக்கிறவள். இந்த விளையாட்டைக் கைவிட எனக்கு விருப்பமில்லை. லைசென்ஸ் தரேக்க என்ர வருத்தம் என்ன, மனநிலை என்ன, நான் குடிக்கிறனோ எண்டு என்ர டொக்டரிட்டக் கேட்டனீங்கள். நல்லது.'

எட்வேட்: ஓம், கேக்கத்தானே வேணும்.

டொலறஸ்: 'ஆனா வீட்டில வேற ஆர் இருக்கினம், அவை எப்பிடி இருக்கினம் எண்டு என்னட்ட ஒருத்தரும் வடிவாக் கேக்கேல்லை. அதையும் கேளுங்கோ. லைசென்ஸ் தந்தாப்பிறகும் திரும்பத் திரும்பக் கேளுங்கோ. சட்டத்தை இறுக்கிறதெண்டா அந்த இடத்தில இறுக்குங்கோ.' அவ்வளவுதான்.

எட்வேட்: கீழ இன்னொரு பந்தி கிடக்கே.

டொலறஸ்: அது... சும்மா. எடுக்கிறதோ விடுறதோ எண்டு யோசிக்கிறன்.

எட்வேட்: வாசியும்.

டொலறஸ்: 'துவக்கு இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கும். திறப்பு இருக்கிற இடம் எனக்கு மட்டும்தான் தெரியவேணும், புருசனுக்கும் சொல்லக்கூடாது. நல்ல சட்டம். ஆனா ஒரு வீட்டுக்குள்ள ஒளிச்ச சாமான் எவ்வளவு காலம் ஒளிஞ்சு கிடக்கும்? எங்கட கிளப்பில எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பிளை...'

எட்வேட்: உங்கட கிளப்பில பொம்பிளை நீர் ஒராள்தானே.

டொலறஸ்: ... வேற கிளப்.

எட்வேட்: சரி. வேற கிளப். என்னவாம் அந்தப் பொம்பிளைக்கு?

டொலறஸ்: அவவின்ர மனிசனுக்கு வேலை போயிட்டுது. அதோட ஆளும் இடிஞ்சு போயிட்டுது. சவரம் எடுக்கிறேல்லை. சாப்பாடில்லை. திரைச்சீலை திறக்க விடுறேல்லை. கூப்பிட்டா 'ம்' எண்டு மட்டும். டொக்டரிட்டப் போவம் எண்டா அதுக்கும் 'ம்' தான், ஆனா எழும்ப மாட்டார். அவவுக்கு ஆரிட்டயும் சொல்ல வெக்கம். சொன்னா லைசென்ஸ் போயிடும் எண்ட பயம் வேற... கடைசியில வேலைக்கு லீவு போட்டுட்டு, துவக்கைக் கொண்டுபோய் துவக்கு விக்கிற கடையில குடுத்து வைச்சவ. மனிசனுக்குச் சொல்லேல்லை.

எட்வேட்: ஏன் சொல்லேல்லை?

டொலறஸ்: 'என்னையே நீ நம்பேல்லையோ' எண்டு இன்னும் உடைஞ்சு போயிடுவார் எண்டுதான்.

எட்வேட்: எப்ப குடுத்தது?

டொலறஸ்: மாசியில.

எட்வேட்: எனக்குச் சித்திரையிலயெல்லே சொன்னனீர். துவக்கைச் சேவிசுக்குக் குடுத்தனான் எண்டு.

டொலறஸ்: ... கோவிக்காதேங்கோ. உங்களை நம்பாமல் இல்லை. அந்த நேரம் நீங்கள் நீங்களா இருக்கேல்லை. உங்கட மூச்சைக் கேட்டுக்கொண்டு நித்திரையில்லாமல் கிடந்தனான். இப்ப டொக்டர் தந்த குளிசை எடுக்கிறீங்கள், பூசைக்கு வாறீங்கள், என்னை நக்கலடிக்கிறீங்கள்... இதைச் சொல்லி எல்லாத்தையும் கெடுத்துப்போடுவனோ எண்டு பயமா இருந்தது. விடுங்கோ, கிழிச்சுப்போடுறன். கிளப்பின்ர கடிதத்திலயே கையெழுத்து வைக்கிறன்.

எட்வேட்: கிழியாதையும்! இஞ்ச தாரும் அதை. கப்டன் போனாப் போகட்டும். நீர் கப்டனெண்டு எனக்குத் தெரியும், அது போதும். இதை அப்பிடியே அனுப்பும். ஒண்டை மட்டும் மாத்தும்.

டொலறஸ்: என்னத்தை?

எட்வேட்: தெரிஞ்ச பொம்பிளையெண்டு எழுதாதையும். நான் எண்டு எழுதும். உம்மட பேருக்குக் கீழ என்ர பேரையும் போடுறன்.

டொலறஸ்: ஐயோ, சனம் என்ன சொல்லும்? நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே! நான்தான் வீணாப் பயந்து...

எட்வேட்: வீணா இல்லை, டொலறஸ். மாசியில ஒருநாள், நீர் வேலைக்குப் போனாப்பிறகு, வீடு முழுக்கக் கிண்டித் திறப்பை எடுத்து அந்தப் பெட்டியைத் திறந்தனான்... வெறும் பெட்டி. இவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கு எண்டு அதுக்கு முன்னால இருந்து அழுதனான். அழுது முடிச்சுத்தான் டொக்டருக்குப் போன் எடுத்தனான்.